பல்புத் தோணியும் கச்சான் காற்றும்

விஜிலாவின் கைபேசியில் நாற்பத்தாறு கூச்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தகரத்தை ஆணியால் கீறுவது போலவும் நடுநடுவே கொசு பாடுவது போலவும் கேட்கும். அவளுக்கு அவை நட்சத்திரம், சிலுவை, கிரீடம், நங்கூரம், முத்துச்சிப்பி. அவளிடம் இருக்கும் பழைய கணினி, எழுதி முடித்த நிரலை ஒலியாகத்தான் வெளியே தரும். முன்பு அதைக் கேசட்டில் பதிந்து வைத்தாள். கேசட் ஓடும் பெட்டி நின்றுபோன பிறகு கைபேசியின் குரல்பதிவில் பிடித்து வைக்கிறாள். ஒருமுறை கிரீடத்தைத் தனக்கே அனுப்பிச் சேமிப்பதாக நினைத்துக்கொண்டு மரியாயின் சேனை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். திறந்துகூடப் பார்க்காமல் ஏழு பேர் ‘ஆமென்’ என்று பதில் எழுதியிருந்தார்கள்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் அவள் வீடு. வயது ஐம்பத்தைந்து. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஏற்றுமதிப் பில் தட்டச்சு செய்யும் வேலை, முப்பது வருடமாக. கணவர் பர்னபாஸ் ஒலி-ஒளி வைத்திருக்கிறார். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கியும் டியூப்லைட்டும் ஜெனரேட்டரும் அவர் வண்டியில் போகும். கோயில் திருவிழா என்றால் கூடவே சீரியல் பல்புப் பலகைகளும் போகும். இரும்புச் சட்டத்தில் கட்டிய பிளாஸ்டிக் அட்டை, அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள், ஓட்டைகளில் சின்னச் சின்ன பல்புகள். தூரத்தில் நின்று பார்த்தால் நட்சத்திரம் சுற்றும், கிரீடம் மின்னும். அந்த உருவங்களை வரைந்து தருவது விஜிலா.

கணினி வீட்டுக்கு வந்த கதை சிறியது. அவளுடைய அண்ணன் கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தவர். எண்பத்தேழில் ராட்டர்டாமில் ஒரு கூட்டாளியிடமிருந்து ஒரு ஸ்பெக்ட்ரம் கணினியை வாங்கி வந்தார். ரப்பர் விசைகள், உள்ளங்கையை விரித்ததைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, டிவியில் செருகிக்கொள்ள வேண்டும். அவர் வாங்கியது விளையாட்டுக்காக. கூட வந்த பன்னிரண்டு கேசட்டிலும் கடற்காற்றில் பூசணம் பிடித்திருந்தது, ஒரு விளையாட்டும் ஏறவில்லை. அண்ணன் இரண்டு நாள் போராடிவிட்டு அடுத்த கப்பலில் போய்விட்டார். கணினியோடு வந்த புத்தகம் மட்டும் நன்றாக இருந்தது. அப்போது பதினேழு வயதான விஜிலா, அதில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ‘சர்க்கிள்’ என்று போட்டு மூன்று எண்கள் கொடுத்தால் வட்டம். மையம் குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு, ஆரம் எவ்வளவு. டிவியில் வட்டம் மெதுவாக, வலது ஓரத்திலிருந்து கிளம்பி ஒரு சுற்று சுற்றி வந்து சேர்ந்தபோது, யாரோ உள்ளே உட்கார்ந்து வரைவது போல இருந்ததாம். விளையாட்டு ஏறியிருந்தால் விளையாடியிருப்பேன் என்று அவளே சொல்லுவாள். அதில் உண்மை இருக்கிறது. நம்மில் பலர் ஒரு வேலைக்கு வந்து சேர்வது வேறொன்று நடக்காமல் போனதால்தான்.

விஜிலாவை மேதை என்று சொல்ல மாட்டேன். அவளுடைய நிரல் ஒன்றைப் பார்த்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், நாற்பது வரி தேவையில்லை, பத்து வரி போதும் என்றார். அவர் சொன்னது சரி. அவளுடைய முதல் முத்துச்சிப்பி பிய்ந்த தோசை போல இருந்தது. அந்த வருடம் பார்த்தவர்கள் அதைத் தோசை என்றே சொன்னார்கள். ஆனால் ஒன்று, அவள் ஒவ்வொரு உருவத்தையும் முடிக்கும் வரை விடுவதில்லை.

வீட்டில் லேப்டாப்பும் இருக்கிறது. அதில் வரையக் கூடாதா என்று கேட்டால் அவள் சொல்லும் காரணத்தில் பழைய பொருள்மேல் பாசம் எதுவும் இல்லை. லேப்டாப்பில் கோடு வழவழப்பாக வருகிறது. பலகையில் வழவழப்பு என்று ஒன்று கிடையாது. ஓட்டையில் பல்பு இருக்கும், அல்லது இருக்காது. ஸ்பெக்ட்ரம் திரையில் வரையக்கூடிய இடம் குறுக்கே இருநூற்றைம்பத்தாறு புள்ளி, உயரத்தில் நூற்றெழுபத்தாறு. பர்னபாஸின் பெரிய பலகையில் குறுக்கே அறுபத்து நான்கு ஓட்டை, உயரத்தில் நாற்பத்து நான்கு. நான்கு புள்ளிக்கு ஓர் ஓட்டை. யாரும் திட்டமிடாமல் அமைந்த பொருத்தம். உருவம் திரையில் வந்ததும், எந்த வரிசையில் எந்தெந்த ஓட்டையில் ஒளி என்று கணினியே சொல்லும்படி ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறாள். அதை நோட்டில் எழுதிக்கொண்டு வரிசை வரிசையாக வாசித்தால், பர்னபாஸிடம் வேலை பார்க்கும் செல்வின் பலகையில் ஸ்கெட்ச் பேனாவால் குறிப்பான். பிறகு பின்பக்கமிருந்து பல்பைச் சொருகுவார்கள்.

இத்தனை வருடத்தில் அவள் வரைந்ததெல்லாம் நடுவில் மடித்தால் இரு பாதியும் ஒட்டிக்கொள்ளும் உருவங்கள். சிலுவைக்கு இடது வலது கிடையாது. நட்சத்திரத்துக்கும் கிடையாது. பாதியை எழுதினால் மீதியைக் கணினி எழுதிவிடும். அதில் அவளுக்கு அலுப்பு வந்துவிட்டது. போன வருடம் ஜூன் மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த திருவிழாவுக்குத் தோணி போடப் போகிறேன் என்றாள்.

“தோணி எதுக்குளா?” என்றார் பர்னபாஸ். “முப்பது வருசமா நட்சத்திரம் போடுதோம். யாருக்காவது கண்ணு வலிச்சுதா?”

“எனக்கு வலிக்கு.”

“தோணிக்கு எத்தனை பல்பு?”

“அறுநூத்திப் பன்னெண்டு.”

பர்னபாஸ் மீனைப் பிய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தார். எண்ணிக்கையே தயாராக இருந்ததால், இது இன்று முளைத்த ஆசை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “சரி, ஒரு வாட்டி,” என்றார். “ஆனா கொடியேத்தத்து அன்னைக்குக் கமிட்டிக்காரன் மொகத்தைச் சுளிச்சாம்னா, வண்டியில நட்சத்திரம் கெடக்கும், எடுத்து மாட்டிருவேன். அதுக்கப்புறம் தோணிப் பேச்சை எடுக்கப்பிடாது.”

“எடுக்கல.”

அவள் ஒப்புக்கொண்டது சாதாரணமாகத் தெரிந்தாலும் பணயம் பெரிது. ஒரு மாதமாக அவள் அந்தத் தோணியோடுதான் இருந்தாள். கஷ்டம் முழுவதும் பாயில் இருந்தது. அந்தக் கணினியின் பேசிக் மொழியில் கோடு இழுக்க ‘டிரா’ என்றொரு கட்டளை. இரண்டு எண் கொடுத்தால் நேர்கோடு. மூன்றாவதாக ஓர் எண் சேர்த்தால் கோடு வில்லாக வளையும். கீழிருந்து மேலே இழுக்கும்போது அந்த எண் கூட்டலாக இருந்தால் வில்லின் வயிறு வலப்பக்கம் தள்ளும், கழித்தலாக இருந்தால் இடப்பக்கம். எண் சிறிதென்றால் பாய் சோர்ந்து தொங்கும். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் கோடு திரையை விட்டு வெளியே போய், எண் எல்லை மீறிவிட்டது என்று கணினி முகத்தில் அடித்தாற்போல் நின்றுவிடும். அவள் ஒரே பாயை மூன்று வளைவுகளாக வரைந்தாள்: கொஞ்சம், இன்னும் கொஞ்சம், முழுதாக. மூன்றையும் மாற்றி மாற்றி எரியவிட்டால் பாயில் காற்று நிரம்புவது போலத் தெரியும் என்பது அவள் கணக்கு. பாய்மர உச்சியில் ஒரு முக்கோணக் கொடியும் வைத்தாள். பதினாலு பல்பு.

திருவிழா, வேம்பாருக்குப் போகும் வழியில் ஒரு கடற்கரை ஊரில். கமிட்டித் தலைவர் ரெக்சன், முப்பது வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். தோணி என்றதும் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தோணி கோயிலைப் பார்த்து வரவேண்டும். அந்த ஊரில் கோயில் மேற்கே, கடல் கிழக்கே, நடுவில் மைதானம். பலகையை மைதானத்தின் தெற்கு ஓரத்தில் நிறுத்துவார்கள். மைதானத்தில் நின்று அதைப் பார்ப்பவருக்கு வலக்கைப் பக்கம் கோயில், இடக்கைப் பக்கம் கடல். ஆகவே தோணி வலப்பக்கம் போக வேண்டும். விஜிலா திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். பாய் வலப்பக்கம் உப்பியிருந்தது, தோணி வலப்பக்கம் பாய்ந்தது, கொடி பின்னால் பறந்தது. ரெக்சன் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, பர்னபாஸும் செல்வினும் அந்த மைதானத்திலேயே பலகையைப் பூட்டினார்கள். விஜிலா மில்லர்புரத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, கைபேசியில் வாசித்தாள்.

“பன்னெண்டாம் வரிசை. பதினேழுல இருந்து இருபத்திமூணு.”

“குறிச்சாச்சு.”

“பதிமூணாம் வரிசை. பதினாறு, அப்புறம் இருபத்திநாலு.”

“அக்கா, இது தோணியா, இல்ல சர்வே நம்பரா?”

“நீ குறி.”

ஜூலை மாதம் அந்தக் கரையில் கச்சான் அடிக்கும். மேற்கேயிருந்து கரையைத் தாண்டிக் கடலுக்குள் போகும் காற்று. வரும்போது செம்மணலையும் அள்ளிக்கொண்டு வரும். அட்டை அந்த வருடம்தான் புதிதாக வாங்கியது, முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மணல் ஒட்டிவிடும் என்று செல்வின் அதைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் குறித்தான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். முன்பும் எத்தனையோ முறை அப்படிக் குறித்திருக்கிறான். சிலுவையைக் குப்புறப் போட்டுக் குறித்தாலும் சிலுவைதான் வரும். எந்தப் பக்கமிருந்து எண்ணுகிறோம் என்று அவனைக் கேட்க, அதுவரை ஓர் உருவத்துக்கும் தேவை வந்ததில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு விஜிலா அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது பலகை நின்றுகொண்டிருந்தது. பர்னபாஸ் சரிபார்ப்பதற்காக ஒருமுறை எரியவிட்டார். வெயிலிலும் உருவம் தெரிந்தது. பாய் மூன்று முறை உப்பியது. விஜிலாவின் முகத்தில் வந்த சந்தோஷம் பாதியில் நின்றது. தோணி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அவள் பலகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். ஒயர்களுக்கு நடுவே, அவள் வரைந்த தோணி அவள் வரைந்தபடியே நின்றது. வலப்பக்கம் பார்த்து, ஒரு பல்பு பிசகாமல். பின்னாலிருந்து சரி, முன்னாலிருந்து தப்பு. பலகையில் எதுவும் மாறவில்லை. இடமும் வலமும் பொருளில் இல்லை, பார்க்கிறவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அறுநூற்றுப் பன்னிரண்டு பல்பைச் சொருகிவிட்டு அதைத் தெரிந்துகொள்வது வேறு.

“செல்வின், அட்டையை எப்படிப் போட்டுக் குறிச்ச?”

“குப்புறத்தாம். மண்ணு அடிக்குல்லா?” என்றவன், அவள் முகத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையில் கை வைத்தான். “ஏ யப்பா.”

அதற்குள் ரெக்சன் கோயில் வாசலிலிருந்து வந்துவிட்டார். கையில் நிகழ்ச்சி நிரல், கழுத்தில் கமிட்டி அட்டை. பலகைக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன்வே பர்னபாஸ், இது கோயிலுக்கு முதுகைக் காட்டிட்டுல்லா நிக்கி?”

“திருப்பிச் சொருகிருச்சு.”

“தானாவா திருப்பிச் சொருகிச்சு?”

“எதிர்த்த பக்கம் நிறுத்திரலாமா?” என்றான் செல்வின். “அங்கன நின்னா கோயிலைப் பாத்துதான நிக்கும்?”

“அங்கன மேடை இருக்குலே. மேடையை எங்க, ஒன் தலையிலயா தூக்கி வைக்க?”

முகம் சுளித்தாகிவிட்டது. பர்னபாஸ் விஜிலாவைப் பார்க்காமலே வண்டிப் பக்கம் திரும்பினார். “நட்சத்திரத்தை எறக்குலே,” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

“நில்லுங்க,” என்றாள் விஜிலா. “பிடுங்கித் திருப்பிச் சொருகுவோம். ஒவ்வொரு நம்பரையும் அறுபத்தஞ்சுல கழிச்சா சரியா வந்துரும்.”

“ஏளா, அறுநூறு பல்பு. பிடுங்கிச் சொருக ரெண்டரை மணி நேரம். எறக்கி ஏத்த ஒரு மணி நேரம். ஆறு மணிக்குக் கொடி ஏறும். இப்ப மணி என்ன?”

“மூணு இருவது.”

“பொறவு?”

“பேசிக்கிட்டு நிக்காம எறக்குனா கொஞ்சம் மிச்சமாகும்.”

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பலகையின் கயிற்றைத் தானே அவிழ்க்கத் தொடங்கினாள். அவளுக்கும் கணக்குத் தெரியும். நடக்காது என்றும் தெரியும். இருந்தாலும் நட்சத்திரம் ஏறும்போது சும்மா நின்று பார்க்க அவளால் முடியாது. செல்வின் ஓடிவந்து இன்னொரு கயிற்றைப் பிடித்தான். குப்புறப் போட்டவன் அவன்தானே.

பலகை ஒரு பக்கம் சாயத் தொடங்கியபோது மீன் ஏலக்கூடத்துப் பக்கமிருந்து கிளாடிஸ் வந்தாள். ரெக்சனுடைய அண்ணன் மனைவி. மூன்று பைபர் படகு வைத்திருக்கும் வீட்டுக்காரி. படகு வரும் நேரத்துக்கு ஐஸ் பெட்டியோடு கரையில் நிற்பது அவள் வேலை. அந்த நேரம் காற்றைப் பொறுத்தது என்பதால் காற்றைப் பார்ப்பதும் அவள் வேலை.

“நல்லா நிக்குத தோணியை எதுக்கு எறக்குதீங்க?”

“தப்பா நிக்கி மைனி,” என்றார் ரெக்சன். “கோயிலைப் பாத்து வரணும்னு சொன்னேன். இது கடலைப் பாத்துப் போவுது.”

கிளாடிஸ் பலகையைப் பார்த்தாள். பிறகு கோபுரத்திலிருந்து மைதானம் முழுக்கக் கட்டியிருந்த காகிதத் தோரணத்தைப் பார்த்தாள். எல்லாத் தோரணமும் கடலை நோக்கி விறைத்துக்கொண்டு படபடத்தன. அவளுடைய சேலைத் தலைப்பும் அப்படித்தான்.

“ஏம் கொழுந்தனாரே, இப்ப என்ன காத்து அடிக்கி?”

“கச்சான்.”

“எங்கன இருந்து?”

“மேக்கே இருந்து.”

“மேக்கே இருந்து அடிக்குத காத்துல, பாயை இப்படி வயிறு தள்ள விரிச்சிக்கிட்டு மேக்கே எப்படிய்யா தோணி வரும்? தள்ளிட்டா வரும்? கடலுக்குத்தாம் போவும். இவ சரியாத்தான போட்டிருக்கா.”

ரெக்சன் தோரணத்தைப் பார்த்தார். பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்துவிட்டார்.

“எனக்குத் தெரியாதா? நானும் முப்பது வருசம் கப்பல்ல இருந்தவந்தாம்.”

“கப்பல்ல எங்க இருந்தீரு? எஞ்சின் ரூம்ல. காத்து ஒரு பக்கம் அடிச்சா ஒமக்கு என்ன, ரெண்டு பக்கம் அடிச்சா ஒமக்கு என்ன? மேல வந்து பாத்தாத்தான தெரியும்.”

தோரணம் கட்டிக்கொண்டிருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு வந்து பலகை முன்னால் நின்று, கிளாடிஸ் சொல்வது ஞாயம்தான், கச்சானுக்குப் பாய் இப்படித்தான் இருக்கும் என்றார்.

ரெக்சன் விடவில்லை. “அப்போ காத்துக்காக மாதாவுக்கு முதுகைக் காட்டணுமா? நாளைக்கு ஊர்க்காரன் கேட்டா நாந்தான பதில் சொல்லணும்?”

“தொழிலுக்குப் போற ஒவ்வொருத்தனும் தினமும் அவளுக்கு முதுகைக் காட்டிட்டுத்தாம் போறாம். மொகத்தைக் காட்டிட்டுப் போனா பார்ப் பாறையில கொண்டு மோதுவாம். அவன் பாக்காண்டாம், அவ பாத்துக்கிடுவா.”

ரெக்சன் நிகழ்ச்சி நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல. கடைசியில், “சரி, நிக்கட்டும். புறப்படுத தோணின்னு சொல்லிருவோம்,” என்றார்.

செல்வின் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினான். பர்னபாஸ் வண்டியின் கதவைச் சாத்தினார். எல்லாம் முடிந்ததென்று எல்லாரும் நினைத்தார்கள். விஜிலா மட்டும் தோணியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தோற்க வேண்டிய இடத்தில் தோற்காமல் போனவர்களின் குழப்பம் அவள் முகத்தில் இருந்தது.

“நான் தெரிஞ்சு செய்யலக்கா,” என்றாள் கிளாடிஸிடம். “நான் போட்டது கோயிலுக்கு வாற தோணிதான். காத்தைப் பத்தி நெனைக்கவே இல்ல. செல்வின் குப்புறப் போட்டதுல இப்படி வந்திருச்சு.”

“அந்தக் கொடி?”

“கொடி நான் யோசிச்சு வச்சது.”

“அது ஒண்ணுதாம் தப்பு,” என்றாள் கிளாடிஸ்.

விஜிலா கொடியைப் பார்த்தாள். பாய் கடல் பக்கம் உப்பியிருந்தது. கொடி கோயில் பக்கம் பறந்தது. ஓடும் வண்டியில் கட்டிய கொடி பின்னால் பறக்கும். அதைப் பார்த்தே வளர்ந்த கண் அவளுக்கு. காற்றே தள்ளிக்கொண்டு போகும் தோணியில் கொடி முன்னால்தான் பறக்க வேண்டும். ஒரே படத்தில் இரண்டு காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் திரையில் பார்த்தும் அது அவள் கண்ணில் படவில்லை. ரெக்சன் கண்ணிலும் படவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்தது. அந்தப் பிழையை அந்த ஊரில் கிளாடிஸைத் தவிர யாரும் கண்டிருக்க மாட்டார்கள். பாயைப் பார்க்கிறவன் கொடியைப் பார்ப்பதில்லை. மேலும் அவள் பந்தயத்தில் ஏற்கெனவே வென்றாகிவிட்டது. ஆனால் நட்சத்திரத்தால் தப்பாகவே இருக்க முடியாது என்பதால்தான் அவள் அதை விட்டு வந்தாள். ஒரு பக்கம் திரும்பிவிட்ட உருவம் காற்றுக்கும் கடலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு அவள் தயாராக இருந்தாள்.

“ஏணியைப் பின்னால போடு,” என்றாள் செல்வினிடம்.

“எதுக்கு?”

“கொடியை மாத்தணும்.”

“அதான் நிக்கட்டும்னு சொல்லிட்டாங்களே,” என்றார் பர்னபாஸ்.

“பதினாலு பல்புதான். ஏறுவேன் எறங்குவேன்.”

“நீ ஏறுவியா?”

“அவன் ஏறுனா மறுபடியும் எந்தப் பக்கம் எண்ணுவானோ.”

செல்வின் ஏணியைப் பிடித்துக்கொண்டான். விஜிலா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். பின்னாலிருந்து எண்ணினால் நோட்டில் இருக்கும் எண்களே சரி. பாய்மரம் முப்பதாம் ஓட்டை. கொடி இருபத்து மூன்றிலிருந்து இருபத்தொன்பது வரை. அது பாய்மரத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் அறுபதிலிருந்து கழிக்க வேண்டும். இருபத்தொன்பது முப்பத்தொன்றாகும், இருபத்து மூன்று முப்பத்தேழாகும். அவள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பல்பாகப் பிடுங்கிச் சொருகினாள். மேலே கச்சான் பலமாக இருந்தது. மணல் காதுக்குள் போனது. கீழே நின்ற பர்னபாஸ், “பைய, பைய,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினாறு நிமிடம் ஆனது. ஒரு பல்பைக் கீழே போட்டாள். செல்வின் அதைத் தேடி எடுத்து, ஊதித் துடைத்துக் கொடுத்தான்.

ஆறு மணிக்குக் கோயில் கொடி ஏறியது. கச்சான் அதைக் கம்பத்தில் ஒட்டவிடாமல் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தது. ஜெபம் முடிந்து வெளிச்சம் குறைந்ததும் பர்னபாஸ் பலகையை எரியவிட்டார். முதலில் தோணியின் உடல், பிறகு பாய்மரம், பிறகு பாய்: கொஞ்சம், இன்னும் கொஞ்சம், முழுதாக. பிறகு கொடி. “பாய் விரியுது பாரு,” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. பக்கத்தில் நின்றவர் அதற்கு, “அணியத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிப் போட்டிருக்கலாம்,” என்றார். தோணியின் முன்தலையைத்தான் சொன்னார். விஜிலா திரும்பி அவர் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

மைக்கில் ரெக்சன் பேசினார். “அன்பான இறைமக்களே, இந்த வருடம் நமது ஆலய வளாகத்தில், கச்சான் காற்றில் கடலுக்குப் புறப்படும் தோணியை, கமிட்டியின் ஆலோசனைப்படி அமைத்திருக்கிறோம்.”

கிளாடிஸ் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“ஆலோசனையாம்,” என்றான் செல்வின்.

“சொல்லட்டும்,” என்றாள் விஜிலா. “அடுத்த வருசம் தோணி வேண்டாம்னு அவரு சொல்ல முடியாதுல்லா.”

அந்த வாரக் கடைசியில் அவள் நிரலைத் திறந்து, திரையில் இருந்த தோணியையும் மைதானத்தில் நின்றது போல இடப்பக்கம் திருப்பி, கொடியை முன்னால் வைத்துவிட்டு, இன்னொரு வேலையும் செய்தாள். முதல் வரியிலேயே கணினி ஒரு கேள்வி கேட்கும்படி வைத்தாள். தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தில் ‘காத்து’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி. கச்சான் என்றால் ஒன்று அடிக்க வேண்டும், வாடை என்றால் கழித்தல் ஒன்று. குறுக்கே போகும் எண்கள் அனைத்தையும் கணினி அதனால் பெருக்கிக்கொள்ளும். முதல் முறை ஓட்டியபோது தோணி திரும்பியது, பாய் திரும்பவில்லை. வயிறு உள்வாங்கிக் கிடந்தது. வளைவுக்கான மூன்றாவது எண்ணையும் பெருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. அதற்கு ஒரு சனிக்கிழமை போனது.

அக்டோபரில் வைப்பாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஃபிராங்க்ளின் என்பவர் கூப்பிட்டார். டிசம்பர் திருவிழாவுக்கு அவர்களுக்கும் ஒரு தோணி வேண்டும்.

“கோயிலு மேக்கயா, கிழக்கயா அண்ணே?”

“மேக்க. கடலைப் பாத்து.”

“பலகையை எந்தப் பக்கம் வைப்பீங்க?”

“தெக்க ஓரம்.”

“டிசம்பர்ல உங்க பக்கம் காத்து எங்கன இருந்து?”

“காத்தா? பல்பு போடுததுக்குக் காத்து எதுக்கும்மா?”

“சொல்லுங்கண்ணே. கம்ப்யூட்டர் கேக்கு.”

“வாடைதாம் அப்ப. கடல்ல இருந்து கரைக்கு அடிக்கும்.”

“சரி,” என்றாள் விஜிலா, ஒரு கையால் கழித்தலும் ஒன்றும் அடித்துக்கொண்டே. “அப்போ உங்க தோணி வீட்டுக்கு வரும்.”